படுத்துக்கொண்டே வேலை வாங்கித் தருபவர்

காலரை முனைகளிலிருந்து நடுவை நோக்கித் தேய்க்க வேண்டும். நடுவிலிருந்து ஆரம்பித்தால் சுருக்கமெல்லாம் நுனியில் வந்து சேர்ந்துவிடும். கட்டில்காரர் சக்கர நாற்காலிக்குத் தோதாகக் கால் வெட்டிய மேசையில், மறுநாள் இன்டர்வியூவுக்குப் போகிற மூன்று பேரின் வெள்ளைக் கோட்டுகளை அப்படித்தான் தேய்த்துக்கொண்டிருந்தார். நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளப் பயிற்சி தரும் அந்த மையத்தில் அவருக்கு அது மாலை வேலை. பகல் வேலை, நோயாளியாகப் படுத்திருப்பது.

முன்பு கட்டடங்களுக்கு வண்ணம் பூசிக்கொண்டிருந்தார். சாரம் சரிந்து விழுந்ததில் இடுப்புக்குக் கீழே உணர்வெல்லாம் போய்விட்டது. அவர் கிடந்த வார்டில் அப்போது நர்சாக இருந்த டீச்சர், பிறகு இந்த மையத்துக்கு வந்ததும் நேரே அவர் வீட்டுக்குப் போனார். "வீட்டுல சும்மா படுத்திருக்கிறதுக்கு எங்க மையத்துல வந்து படு. அங்க அதுக்குப் பேரு உத்தியோகம்" என்று கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். பன்னிரண்டு வருஷம் ஆகிறது. முந்நூறுக்கு மேற்பட்டவர்கள் அவரைத் திருப்பிப் போட்டு, துடைத்து, உடை மாற்றித்தான் தொழில் கற்றுக்கொண்டார்கள்.

டீச்சர் எதற்கும் அவ்வளவு சீக்கிரம் வாய் பிளக்கிறவர் இல்லை. பிறப்பு, இறப்பு எல்லாம் பார்த்தாகிவிட்டது. ஆனாலும் ஒரு நாள் விளையாட்டாகக் கட்டில்காரரின் கண்ணைக் கட்டிவிட்டு, பன்னிரண்டு பேரை ஒவ்வொருவராகத் தோளைத் தொடச் சொன்னார். வாயைத் திறக்கக் கூடாது என்று கட்டளை. கட்டில்காரர் பன்னிரண்டு பேரையும் சரியாகச் சொன்னார். ஏழாவது கைக்கு மட்டும் கொஞ்சம் யோசித்து, "இது ஜன்னலோரத்துப் பொண்ணு. காய்ச்சலோட வந்திருக்கு, வீட்டுக்கு அனுப்புங்க டீச்சர்" என்றார். தெர்மாமீட்டர் வைத்தார்கள். நூற்றொன்று. டீச்சர் அன்று வகுப்பைப் பாதியில் முடித்துவிட்டு, தனியாகப் போய்த் தண்ணீர் குடித்தார்.

விஷயம் வெளியே பரவியது. அதன்பின் ஆள் எடுக்கிற முதியோர் இல்லங்கள் மதிப்பெண்ணைக் கேட்பதை விட்டுவிட்டு, "உங்க கட்டில்காரரைக் கூப்பிடுங்க, இந்தப் பொண்ணு கை எப்படின்னு கேக்கணும்" என்று போன் செய்ய ஆரம்பித்தன.

மூன்றாவது கோட்டை அவர் விரிக்கும்போது டீச்சர் உள்ளே வந்தார். பின்னாலேயே பெரியக்கா. வகுப்பிலேயே மூத்தவள், நாற்பத்து மூன்று வயது, அதனால் அந்தப் பெயர். இதுவரை எங்கேயும் வேலைக்குப் போனதில்லை. கணவன் போனபிறகு பதினொரு வருஷம் அண்ணன் வீட்டு அடுப்படியில் நின்றவள். மாதக் கடைசியில் மையத்து விடுதியைக் காலி செய்ய வேண்டும். வேலை கிடைக்காவிட்டால் மறுபடி அதே அடுப்படிதான்.

"போச்சு தம்பி" என்றாள், நின்றபடியே.

"என்ன ஆச்சு?"

டீச்சர்தான் சொன்னார். "இன்னைக்கு இன்டர்வியூவுல இவளுக்குப் பொம்மை குடுத்திருக்காங்க. ரப்பர் பொம்மை. இதைத் திருப்பிப் படுக்க வைன்னு சொன்னா, இவ அதுகிட்ட 'திருப்பட்டுமா'ன்னு கேட்டிருக்கா."

"கேட்டது சரிதானே?"

"கேட்டுட்டு பதிலுக்குக் காத்துக்கிட்டு நின்னிருக்கா!"

கட்டில்காரர் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். சிரிப்பை அடக்கியது உதட்டில் தெரிந்தது.

"சிரிங்க தம்பி, எல்லாரும்தான் சிரிச்சாங்க. அவங்க சிரிச்சதும் எனக்குக் கை கால் ஓடல. குடுத்த பத்து நிமிஷமும் போயிடுச்சு."

அவர் சிரிக்கவில்லை. 'தொடுறதுக்கு முன்னாடி கேளு, பதில் வர்ற வரைக்கும் கையைக் கட்டிக்கிட்டு நில்லு' என்பது அவர் போட்ட சட்டம். ஆஸ்பத்திரியில் மூன்று மாதம் அவரை யாரும் ஒரு வார்த்தை கேட்காமல் மூட்டையைப் போலப் புரட்டினார்கள். அதனால் வந்தது. டீச்சர் அதை ஒரு மரியாதை என்று நினைத்துச் சரியென்று விட்டிருந்தார்.

"தப்பு என்னோடது, பெரியக்கா. பொம்மையும் உலகத்துல இருக்குன்னு நான் சொல்லித் தரல" என்றார். "டீச்சர், மேட்ரனுக்குப் போன் போடுங்க."

இன்டர்வியூ நடத்திய முதியோர் இல்லத்தின் தலைமை நர்சான மேட்ரன் கறாரானவர். நாளை பத்து மணிக்கு வேறு ஆளுக்கு வேலைக் கடிதம் கொடுக்கப்போவதாகச் சொன்னார்.

"ஒன்பதுக்கு வர்றோம் மேட்ரன். பொம்மையை எடுத்துட்டு என்னைப் படுக்க வைங்க. மறுபடி தேறலைன்னா நானே இனிமே உங்க போனை எடுக்க மாட்டேன்."

"மிரட்டுறீங்களா?"

"கெஞ்சுறேன். எனக்கு ரெண்டும் ஒரே குரல்லதான் வரும்."

பேசி முடித்ததும் பெரியக்காவிடம் கோட்டைக் கழற்றித் தரச் சொன்னார். "இன்னைக்கு அழுத கோட்டு. தேய்க்காம போகக் கூடாது."

மறுநாள் காலை வேனில் முக்கால் மணி நேரம். இல்லத்து வார்டில் டீச்சரும் டிரைவரும் அவரைத் தூக்கிக் கட்டிலில் கிடத்தினார்கள். சிறுநீர்ப் பையைக் கட்டில் கம்பியில் டீச்சரே மாட்டினார். மேட்ரன் கடிகாரத்தைப் பார்த்துத் தலையசைத்தார்.

பெரியக்கா கை கழுவிவிட்டு வந்து அவர் முகத்துக்கு நேரே குனிந்தாள்.

"தம்பி, உங்களை இடது பக்கமாத் திருப்பப் போறேன். திருப்பட்டுமா?"

கட்டில்காரர் கண்ணை மூடிக்கொண்டார். பதில் இல்லை.

டீச்சர் கட்டிலை நோக்கி ஓரடி வைத்தார். மனுஷன் என்ன விளையாடுகிறான்! அரை நிமிஷம் போனது.

"என்ன, இவரும் பொம்மை ஆயிட்டாரா?" என்றார் மேட்ரன்.

பெரியக்கா இந்த முறை பதறவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். நின்றவளின் கண் மட்டும் நகர்ந்தது. முகம், மூச்சு, தோள், போர்வை, கம்பி. பையில் வந்து நின்றது. முக்கால் மணி நேரப் பயணம், பையில் ஒரு சொட்டு இல்லை. கண் குழாய் வழியே மேலே ஏறியது.

"தம்பி, இப்ப திருப்பல. தொடைக்கு அடியில குழாய் மாட்டி மடங்கியிருக்கு. காலை லேசாத் தூக்கி அதை முதல்ல எடுக்கிறேன். சரியா?"

"சரிக்கா."

அவள் எடுத்ததும் பையில் சடசடவென்று இறங்கியது. டீச்சருக்குக் காது சூடானது. காலையில் வேனில் உட்காரவைத்தபோதும் இங்கே கிடத்தியபோதும் அந்தக் காலைக் குழாய்மேல் வைத்தது டீச்சரின் கைதான். முப்பது வருஷக் கை. மேட்ரனும் பார்க்கவில்லை, படுத்திருந்தவருக்கும் தெரியவில்லை. அப்படியே திருப்பியிருந்தால் குழாய் இழுபட்டு ரத்தம் வந்திருக்கும். பதிலுக்காக நிற்கிற அந்த நேரத்தில்தான் நோயாளியை முழுசாகப் பார்க்க முடிகிறது என்பதைத் தன் வகுப்பில் பன்னிரண்டு வருஷமாக நடந்த பாடத்திலிருந்து டீச்சர் இன்றுதான் கற்றுக்கொண்டார்.

பெரியக்கா அவரைத் திருப்பி, முதுகுக்குத் தலையணை கொடுத்து, விரிப்பின் சுருக்கத்தை நீவிவிட்டாள்.

"ஏன் பதில் சொல்லல?" என்று மேட்ரன் கேட்டார்.

"பொம்மை சொல்லலையே. மறுதேர்வுக்கும் அதே கேள்வித்தாள்தானே நியாயம்?"

"குழாய் மடங்கினது தெரியுமா?"

"இடுப்புக்குக் கீழ நடக்கிறதெல்லாம் எனக்குப் பக்கத்து வீட்டுச் சமாச்சாரம், மேட்ரன்."

மேட்ரன் சிரிக்கவில்லை. மேசைமேல் இருந்த கடிதத்தில் எழுதியிருந்த பெயரை அடித்து, பெரியக்காவின் பெயரை எழுதினார். அப்புறம் சுவரில் இருந்த டூட்டி அட்டவணையில் அவளுக்கு ஐந்து, ஆறு, ஏழு என்று மூன்று கட்டில்களைக் குறித்தார்.

"இன்னைக்கே ஆரம்பிக்கலாமா?"

"கோட்டு தேய்ச்சுத்தான் இருக்கு" என்றாள் பெரியக்கா.

டீச்சர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வாசலுக்குப் போகும்போது அவள் ஏழாம் கட்டிலருகே குனிந்து ஏதோ கேட்டுவிட்டு நிமிர்ந்து நின்றிருந்தாள்.

"அந்தம்மா ஒரு வருஷமாப் பேசுறதில்லை" என்று மேட்ரன் குரல் கொடுத்தார்.

"பரவாயில்லைங்க" என்றாள், கண்ணை எடுக்காமல். கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.