ரத்தம் வராத ஈறோடு விருத்தாசலம் போய் வந்தேன்

அறுபத்தெட்டு வயதில்தான் எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழகினேன். அதனால் மெதுவாகத்தான் எழுத வருகிறது. திட்டக்குடி கம்ப்யூட்டர் சென்டரில் இதைத் தட்டச்சு செய்து வலைப்பூவில் போடுகிறார்கள். விருத்தாசலத்தில் மாதம் ஒருமுறை நடக்கும் ஈறு பரிசோதனை முகாமுக்குப் போக நினைப்பவர்களுக்கு உதவட்டும்.

2007 மாசி மாதம். விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மைக் கடை வைத்திருக்கும் என் சிநேகிதர் ஜமால் பாய் போன் செய்தார். பல் தேய்த்தால் ரத்தம் வருகிறதாம், முகாமுக்குத் தனியாகப் போகப் பயமாம். துணைக்குக் கிளம்பினேன்.

திட்டக்குடியில் காலை ஆறே முக்கால் பஸ். ஊர்ப் பலகையை நானே படித்து ஏறினேன், யாரையும் கேட்கவில்லை. டிக்கெட் பத்து ரூபாய். பெண்ணாடத்தில் கரும்பு டிராக்டர்கள் வழி மறித்ததால், முப்பது கிலோமீட்டருக்கு ஒன்றரை மணி நேரம் ஆனது. எனக்கு வருத்தமில்லை. அத்தனை கடைப் பெயர்களையும் படித்து முடித்தேன்.

முகாம், பீங்கான் சூளைகளுக்குப் பக்கத்துக் கொட்டகையில். நான் பல வருடம் வேலை பார்த்த இடம். சூளைக்காரர்களான எங்களுக்குள் ஒரு நம்பிக்கை உண்டு: பச்சை மண் சூட்டில் இறுகுவது போல, பீடிச் சூட்டில் ஈறும் இறுகும். அதனால்தான் பீடி குடிப்பவனுக்கு ரத்தம் வராது என்போம். நானும் பீடி குடிப்பவன், எனக்கு வந்ததே இல்லை.

வரிசையில் பாயைச் சீண்டினேன். "நீங்களும் ரெண்டு பீடி இழுத்திருந்தா ஈறு வெந்து கெட்டியாயிருக்கும், பாய்."

"வேக வெக்க என் வாயி என்ன பொம்மையா? சும்மா வாங்க."

டாக்டரம்மா காதில் விழுந்துவிட்டது. "ஐயா, நீங்களும் உக்காருங்க."

"நான் தொணைக்கு வந்தேம்மா."

"தொணைக்கு வந்த வாயையும் பாத்துடலாம்."

பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே மெல்லிய காகிதக் கீற்றை வைத்து எடுத்தார். ஈறில் கசியும் நீரில் உள்ள புரதங்கள் நோயைக் காட்டுமாம். புகை பிடிப்பவர்களுக்கு அவற்றில் சில கூடியும் சில குறைந்தும் இருப்பதால், புகைப்பவர், புகைக்காதவர் இரு தரப்பையும் ஒப்பிட்டு ஆராய்கிறார்கள். அந்த முடிவு வரத் தாமதமாகும். பிறகு, அளவுக் கோடு போட்ட மெல்லிய கம்பியை ஈறோரம் விட்டுப் பார்த்தார்; ஆழமாக இறங்கினால் நோய் அதிகமாம். பாய்க்குக் கொஞ்சம்தான் இறங்கியது. எனக்கு ஆழமாக இறங்கியது, ரத்தம் ஒரு துளிகூட இல்லை.

"ஈறு இறுகலைங்க ஐயா. பொகை ரத்தத்த மறைச்சிருக்குது. உள்ள எலும்பு கரைஞ்சிருக்குது. இப்படியே விட்டா கீழ்வரிசை பல்லு போயிடும்."

டீக்கடையில் பேப்பரைச் சத்தமாக வாசிக்க அப்போதுதான் தொடங்கியிருந்தேன். பல் போனால் வார்த்தை குழறுமே.

"பீடிய விட்டுட்டா?"

"விட்டுட்டு, இங்க வந்து சுத்தம் பண்ணிக்கிட்டா நெறைய காப்பாத்தலாம். விட்ட கொஞ்ச நாள்ல ரத்தம் வரலாம். பயப்படாதீங்க, மறைச்சது வெளிய தெரியுதுன்னு அர்த்தம். ஒடனே வந்து காட்டுங்க."

பாய் சிரிக்கவில்லை. என் சட்டைப் பையிலிருந்த பீடிக் கட்டை எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டார். "வேணும்னா கடைக்கு வந்து கேளுங்க. தர மாட்டேன்."

போகிறவர்கள் டீயைப் பரிசோதனைக்குப் பிறகு குடியுங்கள். பீடி, சிகரெட்டை மறைக்காமல் சொல்லுங்கள். ரத்தம் வரவில்லை என்று வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள். துணைக்குப் போனாலும் வாயைத் திறந்து காட்டுங்கள். அந்த டாக்டரம்மாவுக்கும் பாய்க்கும் நான் என்றும் நன்றி உள்ளவன்.

அதன்பின் பீடியைத் தொடவில்லை. பங்குனிக் கடைசியில் ஒரு காலை, பல் தேய்த்துத் துப்பிய நுரை சிவந்திருந்தது. என் மனைவி பதறினாள். நான் பாய்க்குப் போன் போட்டேன்.

"பாய், எனக்கும் வந்துடுச்சு."

"அல்ஹம்துலில்லாஹ். வாயக் கொப்புளிச்சிட்டு மொத பஸ்ஸப் புடிங்க, இன்னிக்கு முகாம் இருக்கு. இந்தத் தடவ நான் தொணைக்கு வரேன்."