மூன்றேகால் மணி வண்டி

கதவைத் திறப்பதற்கு முன், அதன் கீழ்க் கண்ணாடி வழியே வெளியே நிற்பவர்களின் கால்களைத்தான் ஹெல்வி பார்ப்பாள். நூலகப் பேருந்தை ஓட்டத் தொடங்கிய நாளிலிருந்து, இருபத்தாறு வருடப் பழக்கம். குளிரில் முகங்கள் மூடியிருக்கும். யார் வந்திருக்கிறார்கள் என்பதைக் காலணிகளே சொல்லிவிடும். சின்ன ரப்பர் பூட்ஸ் என்றால் படக்கதைகளை முன்னால் எடுத்து வைப்பாள்.

கொய்வுரின்னே குடியிருப்புக்கு மதியம் மூன்றேகால் என்று நேரம் வைத்தவளும் அவள்தான். பள்ளி விடும் நேரம். ஒரு காலத்தில் முப்பது பிள்ளைகள் முண்டியடித்த படியில் இந்த நவம்பரில் ஏறியது இரண்டே பேர். கிறிஸ்துமஸுக்குள் எட்டுப் பேராவது வராவிட்டால் நிறுத்தத்தையே எடுத்துவிடுவோம் என்று நகராட்சி எழுதியிருந்தது.

அந்தச் சனிக்கிழமை கடையில், ரொட்டி அடுக்கருகே ஆணி பதித்த காலணிகள் தெரிந்தன. பனியில் வழுக்காமலிருக்க வயதானவர்கள் போடுவது. நிமிர்ந்தால், ஸில்யா. முன்பெல்லாம் இரட்டைப் பிள்ளைகளை இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு வண்டிக்கு வருபவள்.

"என்ன ஸில்யா, வண்டிப் பக்கமே காணோம்? படிக்கிறத விட்டுட்டியா?"

"விட்டது நானா, நீயா? குளிர்காலத்துல இங்க மூணு மணிக்கே இருட்டிடுது, நீ வர்றது அதுக்கப்புறம். தரையெல்லாம் கண்ணாடி மாதிரி பனி. இடுப்ப ஒடச்சுக்கிட்டு வந்து துப்பறியும் கதை வாங்கணுமாக்கும்!"

"பசங்க பள்ளிக்கூடம் விட்டு வர்ற நேரமாச்சேன்னு..."

"எந்தப் பசங்க? எம் பசங்களுக்கு முப்பத்திரண்டு வயசு, ஹெல்வி! இன்னும் அவங்களுக்காகவா வண்டி ஓட்டுற?"

கல்லாவில் இருந்த பெண் சிரித்துவிட்டாள். ஹெல்வியும் சிரித்தாள், காது மட்டும் சுட்டது. பிள்ளைகள் போய்விட்டார்கள். அவர்களைக் கைபிடித்துக் கூட்டி வந்தவர்கள் அதே வீடுகளில்தான் இருக்கிறார்கள். இது எப்படித் தனக்குத் தோன்றாமல் போனது?

திங்களன்று நேரத்தைக் காலை பதினொன்றாக மாற்றினாள். வண்டியை மணல் தூவிய முற்றம் வரை கொண்டுபோக அனுமதி வாங்கினாள். படியில் கைப்பிடி வைத்தாள். வழக்கமாக வந்த இரண்டு பிள்ளைகளுக்கும் பள்ளி வாசலிலேயே புத்தகம் கொடுக்க ஏற்பாடு செய்தாள். குடியிருப்பில் எல்லோருக்கும் கடிதம் போட்டாள்.

நேரம் மாறிய பிறகு வந்த முதல் வியாழக்கிழமை கதவருகே குனிந்து பார்த்தாள். பதினோரு ஜோடி ஆணிக் காலணிகள். நடுவில், ஸில்யாவின் பேத்தியுடைய ரப்பர் பூட்ஸ். நிறுத்தம் பிழைத்தது.

ஓட்டுநர் இருக்கைக்கு மேலே ஒரு காகிதம் செருகியிருக்கிறது. நான்கு வருடங்களுக்கு முன், அதே குடியிருப்பில் இருந்த பெரியவர் உர்ஹோ எழுதிக் கொடுத்தது: "வெளிச்சத்தில் வர முடியுமா?" நேரத்தை மாற்ற முடியாது என்று நினைத்து அதை அப்படியே செருகி வைத்தவள் அவள். மறு குளிர்காலம் அவர் ஔலு நகரில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். முகவரி இருக்கிறது. அவருக்கு எழுத வேண்டிய பதிலை மட்டும் ஹெல்வி இன்னும் எழுதவில்லை.