நான்கு புள்ளி போல்ட்

பழைய மொரிஸ் மைனர் கார் இன்ஜினுக்கு அதோடு வந்த கம்பெனி போல்ட்தான் வேண்டும் எனக்கு. புதுப் பளபளப்பைக் கண்டாலே எரிச்சல் வரும். முன்பு அதைக் கழற்றிய மெக்கானிக் பாஸ் யாரோ, எந்தத் துளைக்கு எந்த போல்ட் என்று ஒவ்வொன்றின் தலையிலும் புள்ளி குத்தி வைத்திருந்தார். நான்கு புள்ளி போல்ட்டை மட்டும் காணோம். எஸ்டேட் பங்களா கராஜில் கிடந்த இன்ஜின் என்று சொல்லித்தான் விற்றார்கள். எத்தனை முறை கழுவினாலும் உள்ளேயிருந்து செம்மண் வந்துகொண்டே இருந்தது.

மாவனல்லையில் ஒரு பழைய சாமான் கடையில் தகர டப்பாவைக் கிளறியபோது, அந்த நான்கு புள்ளி கையில் அகப்பட்டது.

"இது எந்தக் கார்ல உள்ளது, நானா?" என்று கடைக்கார அண்ணனைக் கேட்டேன்.

"மண்சரிவுல பொதஞ்ச காரு. கழட்டக்குள்ள இது இங்க விழுந்துட்டு. இன்ஜின வித்துட்டம்."

"கார்ல இருந்தவங்க?"

"காரு மட்டுந்தான் கெடச்சது."