அபூசாலி சொன்ன ஒரு ‘ஓம்’

சாய்ந்தமருதில் அபூசாலியைத் தெரியாதவர்கள் இருக்கலாம். அவருடைய வெள்ளை வேனைத் தெரியாதவர்கள் இல்லை. பத்தொன்பது வருடமாகக் கல்முனைப் பக்கத்து ஆட்களைக் கொழும்புக்கும் கண்டிக்கும் நுவரெலியாவுக்கும் ஏற்றிப்போய், ஏற்றிய இடத்திலேயே பத்திரமாக இறக்கிவிடுகிறவர். கொழும்புக்கு மட்டும் எத்தனை தடவை போயிருப்பார் என்று அவருக்கே கணக்கில்லை.

அப்படிப்பட்டவருக்குக் கொழும்பு தண்ணிபட்ட பாடு என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். ஆனால் அவர் அறிந்த கொழும்பு வேறு. மிருகக்காட்சிச்சாலை என்றால் அவருக்கு அங்கே வாகனம் நிறுத்துமிடத்தில் பகல் பன்னிரண்டு மணிக்கும் நிழல் தருகிற ஒரு மரம். பழைய அரசர் பொருள்கள் வைத்திருக்கிற நூதனசாலை என்றால் காகம் எச்சமிடாத ஒரு மூலை. எந்தப் பள்ளிவாசலில் தொழுமுன் கைகால் கழுவி ஒளுச் செய்யத் தண்ணீர் தாராளமாக வரும், எந்தக் கடையில் பால் சேராத பிளேன்டிக்கு இஞ்சி நசுக்கிப் போடுவார்கள் என்றெல்லாம் கேளுங்கள், கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். உள்ளே என்ன இருக்கிறது என்று மட்டும் கேட்கக் கூடாது. ஆட்கள் உள்ளே போனதும் மனிதர் வேனின் பின்கதவைத் திறந்து, சிவப்புப் பாயை எடுத்து நிழலில் விரித்துவிடுவார். வாங்க என்று கூப்பிட்டவர்களும் உண்டு. நகைப் பையும் சோற்றுப் பார்சலும் வேனில் கிடக்கும்போது விட்டுவிட்டுப் போக அவருக்குக் கால் எழும்பாது.

கால்தான் எழும்பாதே தவிர, உள்ளே என்ன என்று அறிகிற ஆசை அவரை விட்டதில்லை. அதற்கு அவர் ஒரு வழி வைத்திருந்தார். திரும்பி வரும்போது வேனில் ஓடுகிற பாட்டை மெல்லக் குறைத்துவிடுவார். பின்னால் ஆட்கள் கண்டதையெல்லாம் சொல்லிச் சொல்லிச் சண்டை பிடிப்பார்கள். சிறுவன் ஒருவன் பாம்பின் நீளத்துக்குக் கை விரிப்பான், அவனுடைய தாய் இல்லை என்பாள். அபூசாலி கண்ணைத் தெருவிலும் காதைப் பின்சீட்டிலும் வைத்திருப்பார். கேகாலை தாண்டினால் எல்லோரும் தூங்கிவிடுவார்கள் என்பதால், சேர்க்க வேண்டியதை அதற்குள் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

சேர்த்ததெல்லாம் வீட்டில் பரீனாவுக்குத்தான். மனைவி பரீனா வீட்டிலேயே அபாயா தைக்கிறவள். ஊர் சுற்றுலாப் போகிற பெருநாள் காலத்தில் அவளுக்குத் தலைக்கு மேல் தையல் இருக்கும். அவருக்குத் தலைக்கு மேல் ஹயர், அதாவது வாடகை ஓட்டம், இருக்கும். மற்ற நாளில் வேன் சும்மா நின்றால் யாராவது வந்து கேட்டுவிடுவார்கள். ஆகவே பத்தொன்பது வருடமும் பரீனா போகவில்லை, கேட்டாள். தையல் மெசினை நிறுத்திவிட்டுக் கேட்பாள். அரசனின் சிம்மாசனத்துக்கு எத்தனை கால், மீன் தொட்டிக் கண்ணாடி எவ்வளவு தடிப்பு என்று விடாமல் கேட்பாள். அவர் “இப்படியாம், அப்படியாம்” என்றுதான் சொல்லுவார். அந்த ‘ஆம்’ பரீனாவின் காதில் விழுந்ததே இல்லை.

பொய் என்று அவர் சொன்னது ஒன்றே ஒன்றுதான். கொழும்பின் நடுவே வானளவு உயர்ந்த தாமரைக் கோபுரம் திறந்த புதிதில் பாலமுனைக் குடும்பம் ஒன்றை ஏற்றிப்போனார். திரும்பும்போது அந்த வீட்டு மனிதர், மேலே நின்று பார்த்தால் பாவாத மலை தெரிகிறது, ஆதம் நபி கால் வைத்ததாகச் சொல்கிற அந்த மலையேதான், சோற்றைக் குவித்து வைத்ததுபோல் தெரிகிறது என்றார். மெய்யாகச் சொன்னாரா, சிறுவர்களை ஏமாற்றச் சொன்னாரா, அபூசாலிக்குத் தெரியாது. வீட்டுக்கு வந்து அப்படியே ஒப்புவித்தார்.

பரீனா ஊசியைக் கீழே வைத்தாள். “நீங்களும் கண்டீங்களா?”

அவளுடைய கண் விரிந்திருந்த விதத்தைப் பார்த்து அபூசாலி வாய் தவறிச் சொன்னார்: “ஓம்.”

அந்த ஒரு ‘ஓம்’ பாடாய்ப் படுத்திவிட்டது. துணி தைக்கக் கொடுக்க வந்த பக்கத்து வீட்டு ஸம்றாவுக்கு அன்றைக்கே பரீனா, கணவரை மகள் ஸப்னாவின் பெயர் வைத்தே குறிப்பிடுகிறவள், சொன்னாள்: “ஸப்னாட வாப்பா கோபுரத்தில ஏறி பாவாத மலையக் கண்டிரிக்காரு கா.” ஸம்றாவிடம் சொன்னால் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் சொன்னதற்குச் சரி. இரண்டு வருடமாக அபூசாலி அந்த மலையைச் சுமந்துகொண்டு திரிந்தார்.

இந்தத் தை மாதம் ஒரு நாள் நல்லரெத்தினம் போனில் கூப்பிட்டார். பாண்டிருப்பில் அவரும் வேன் ஓட்டுகிறவர். ஒரே மரத்தடியில் பாய் விரித்த பழக்கம்; அபூசாலியை அண்ணன் முறையில் ‘காக்கா’ என்பார்.

“காக்கா, புதன்கிழம கொழும்பு ஹயர் ஒண்டு இரிக்கு. ரெண்டு நாள். சின்னக் குடும்பம்தான், சுபஹோட வெளிக்கிடணுமாம்.”

“எவடத்தில ஏத்துற?”

“அத விடியச் சொல்றன்.”

புதன்கிழமை விடியற்காலைச் சுபஹ் தொழுதுவிட்டு வந்து வேனைத் துடைத்துக்கொண்டு நின்றார் அபூசாலி. நல்லரெத்தினமும் மனைவி செல்லத்தங்கமும் ஒரு பையோடு ஆட்டோவில் வந்து இறங்கினார்கள்.

“ஆக்கள் எங்க?” என்றார் அபூசாலி.

“அந்தா வாறாங்க,” என்று நல்லரெத்தினம் அவருடைய வீட்டு வாசலையே காட்டினார்.

புது அபாயாவோடு பரீனா வந்தாள். பின்னால் சோற்றுப் பார்சல் கூடையோடு மகள் ஸப்னா. பாலர் பாடசாலையில் படிப்பிக்கிற பிள்ளை, தன் சம்பளத்தில் வாப்பாவின் வேனையே ஹயருக்குப் பிடித்திருக்கிறாள். நல்லரெத்தினம் கையை நீட்டினார். “சாவியத் தாங்க காக்கா. இண்டைக்கு நீங்க ஆக்கள், நான் டிரைவர்.”

அபூசாலிக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. மகளின் தலையைத் தடவினார். அப்போதுதான் பரீனா சொன்னாள்: “தாமரைக் கோபுரத்துக்கும் போறமாம். பாவாத மலைய நீங்கதான் எனக்குக் காட்டித் தரணும். எந்தப் பக்கம் நிண்டு பாக்கிற எண்டு உங்களுக்குத்தானே தெரியும்.”

கலங்கிய கண் அப்படியே காய்ந்துபோயிற்று.

பக்கத்துச் சீட்டில் இருந்து போவது அவருக்குப் புது அனுபவம். மலை ஏறுகிற பதினெட்டு வளைவில் ஒவ்வொரு வளைவுக்கும் அவருடைய வலது கால் இல்லாத பிரேக்கை மிதித்தது. “வேன் ஓட்டையாப் போகும் காக்கா, மெல்ல மிதியுங்க,” என்று நல்லரெத்தினம் சிரித்தார். ஆனால் பக்கத்துக் கண்ணாடியால் பார்க்கலாம் என்பது எவ்வளவு பெரிய விசயம்! இத்தனை வருடமும் அந்த மலையடிவாரத்தில் ஒரு நீர்வீழ்ச்சி இருந்திருக்கிறது. தெருவையே பார்த்திருந்த மனிதருக்கு அதைப் பார்க்க வாய்க்கவில்லை. “அந்தா பாருங்க, அந்தா பாருங்க,” என்று அவர் கத்தியதைக் கேட்டு ஸப்னாவுக்கு வாப்பாவா, தன் பாலர் வகுப்புப் பிள்ளையா என்று சந்தேகம் வந்தது.

உண்மையைச் சொல்லிவிட அவர் பார்க்காமல் இல்லை. வளைவு ஏறுவதற்கு முன்பே, மகியங்கனையில் ஆற்றோரம் பார்சலைப் பிரித்தபோது, “பரீனா, ஒரு கதை சொல்லணும்,” என்று வாயைத் திறந்தார். “தின்னுங்க முதல்ல,” என்று பரீனா பொரித்த முட்டைத் துண்டை வைத்து அந்த வாயை அடைத்துவிட்டாள். அதற்குப் பிறகு அவருக்குத் துணிவு வரவில்லை.

பின்னேரம் கொழும்புக் கடற்கரையான காலிமுகத்திடலில் இறங்கினார்கள். பெண்கள் மூவரும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு அலை ஓரம் போனார்கள். இறால் வடை தின்றபடி பரீனா கடலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இஞ்ச சூரியன் கடலுக்க போகுது,” என்றாள் அதிசயப்பட்டு.

“நம்மட ஊரில கடலுக்க இருந்து வாறவர்தானே,” என்றாள் செல்லத்தங்கம். “அப்ப இவர் ராவு முழுக்க எங்க போய்த் திரும்பி வாறார்?”

இரண்டு பேரும் சிறு பிள்ளைகளைப்போல் சிரித்தார்கள். பட்டம் விடுகிற பிள்ளைகளுக்கு நடுவே நின்று, சூரியனின் கடைசித் துண்டும் தண்ணீருக்குள் போகும்வரை ஒருவரும் அசையவில்லை. பத்தொன்பது வருடத்தில் ஒரு தடவையாவது இவளைக் கூட்டி வந்திருக்கலாமே என்று அபூசாலிக்கு நெஞ்சு வலித்தது.

அன்றிரவு தெகிவளையில் தெரிந்தவர் வீட்டில் தங்கி, காலையில் தாமரைக் கோபுரத்துக்குப் போனார்கள். வேன் நின்றதும் பழக்கதோசம் அபூசாலியை விடவில்லை. இறங்கினார், பின்கதவைத் திறந்தார், பாயை இழுத்தார்.

“என்ன செய்றீங்க?” என்றாள் பரீனா.

“நீங்க போங்களன். நான் வேனப் பாத்துக்கொண்டு...”

அவர் முடிப்பதற்குள், அந்த இடத்தில் பிளாஸ்க்கில் தேத்தண்ணீர் விற்கிற ஸம்ஸியா எதிரே வந்து நின்றாள். கொழும்புக்காரி. வாய் சும்மா இருக்காது. “ஆ, கல்முன நானா! இன்டைக்கும் பாய்தானா? இந்தக் கோபுரம் தொறந்த நாள்ல இருந்து வாறீங்க, ஒரு நாள் சரி மேல போனீங்களா? இன்டைக்காவது போங்களே.”

அபூசாலியின் கையிலிருந்து பாய் நழுவி விழுந்தது. செல்லத்தங்கம் தன் கணவரைப் பார்த்தாள்; நல்லரெத்தினம் டயரைப் பார்த்தார். பரீனா குனிந்து பாயை எடுத்து வேனுக்குள் போட்டாள். அவள் ஏசியிருந்தால் பரவாயில்லை என்று அபூசாலிக்குத் தோன்றியது.

“வாங்க,” என்றாள். நடந்தாள்.

நல்லரெத்தினம் வேனோடு நின்றுகொண்டார். செல்லத்தங்கமும் அவருக்குத் துணையாக நின்றாள். லிஃப்டில் அபூசாலிக்குக் காது அடைத்தது. காது அடைத்தபடியே இருந்தால் நல்லது என்று நினைத்துக்கொண்டார். பரீனா என்ன கேட்கப் போகிறாளோ!

மேலே கதவு திறந்ததும் கொழும்பு முழுவதும் காலடியில் கிடந்தது. துறைமுகத்தில் கப்பல்கள், பேர வாவி, தீப்பெட்டிகளைக் கோத்ததுபோல் ஊர்கிற ரயில். கேட்டுக் கேட்டுச் சேர்த்ததெல்லாம் கண்ணுக்கு முன்னால் விரிந்தபோது, அவருக்குச் சற்று நேரம் பயமும் மறந்துபோயிற்று. கேட்டதில் பாதி பிழை. கடல் ஒரு பக்கம்தான் இருந்தது, மூன்று பக்கம் என்று சொன்னவன் எவன்?

பரீனா கிழக்குப் பக்கம் போய் நின்றாள். அவரும் தயங்கித் தயங்கிப் பக்கத்தில் போனார். வீடுகளும் மரங்களும், அதற்கப்பால் வெள்ளைப் பனிப்புகார். மலை என்று ஒன்றும் இல்லை. மழை பெய்து வெளித்த விடியற்காலையில் சில நாள் தெரியும் என்று அங்கே நின்ற காவலாளி சொன்னார்.

“அந்தா தெரியுது,” என்றாள் பரீனா திடீரென்று.

“எங்க?” அபூசாலி கண்ணாடியில் மூக்கை வைத்துப் பார்த்தார். “எனக்குத் தெரியல்லயே.”

“ஏன், அண்டைக்கு மாதிரி ‘ஓம்’ எண்டு சொல்லுங்களன்.”

அவருக்கு முகம் எரிந்தது. “பரீனா, நான் அண்டைக்கு...” தொடங்கியவர் குனிந்தார். குனிந்த கண் தானாகவே கீழே தேடிற்று. எந்த ஊருக்குப் போனாலும் அவருடைய கண் முதலில் தேடுவது தன் வேனைத்தான். கிடைத்துவிட்டது. அரிசி மணியளவு வெள்ளை, பக்கத்தில் சிவப்பாய் ஒரு பொட்டு. “அந்தா எங்கட வேன். நல்லரெத்தினம் பாயும் விரிச்சிட்டான்.”

பரீனாவும் குனிந்து தேடினாள். ஸப்னா கைபேசியில் பெரிதாக்கிக் காட்டினாள். பரீனா நெடுநேரம் அந்தச் சிவப்புப் பொட்டையே பார்த்தாள். சுற்றிலும் எல்லோரும் கப்பலையும் கடலையும் பார்த்துச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

“நான் தையல விட்டுப்போட்டுக் கத கேட்டுச் சந்தோசப்பட்ட நாளெல்லாம்,” என்றாள். “நீங்க அந்தப் பாயிலயா இருந்தீங்க?”

“ஓம்,” என்றார் அபூசாலி.

அவள் முக்காட்டு நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவருடைய கையைப் பிடித்தாள். மகள் பக்கத்தில் நிற்கிறாள் என்றுகூடப் பார்க்கவில்லை. அதன் பிறகு மூவரும் அந்த வட்டத்தை இரண்டு தடவை சுற்றினார்கள். இரண்டாவது தடவை அபூசாலிதான் இழுத்துக்கொண்டு போனார். அது என்ன, இது என்ன என்று காவலாளியைத் துளைத்தெடுத்துவிட்டார்.

கீழே வந்ததும் அவர் செய்த முதல் வேலை, நல்லரெத்தினத்திடம் சாவியைப் பறித்தது. “போடா தம்பி. தங்கச்சியக் கூட்டிக்கொண்டு மேல போ. கிழக்குப் பக்கம் முதல் பாரு, மறுகா கடல் பக்கம் வா.” அவர்கள் லிஃப்டுக்குப் போக, பரீனா பாயில் அவரோடு இருந்தாள். ஸம்ஸியா இஞ்சித் தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்தாள். எந்த ஊர் டிரைவர்கள் இங்கே வருவார்கள், மழை பெய்தால் பாயை எங்கே விரிப்பீர்கள் என்று பரீனா கேட்கத் தொடங்கினாள். சிம்மாசனத்தைப் பற்றிக் கேட்ட அதே கேள்வி, அதே விரிந்த கண். இந்தத் தடவை அபூசாலி ஒரு இடத்திலும் ‘ஆம்’ போட்டுச் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை காலை அபூசாலி வாசலில் வேனைக் கழுவிக்கொண்டிருந்தார். வேலிக்கு மேலால் ஸம்றாவின் தலை வந்தது. முற்றத்தில் பரீனா துணி காயப் போட்டுக்கொண்டிருந்தாள்.

“என்னகா பரீனா, ஏறினயா? பாவாத மலை தெரிஞ்சதா?”

அபூசாலி தண்ணீர்க் குழாயை நிலத்தில் போட்டார். இன்றைக்கு எப்படியும் சொல்லிவிடுவது என்று நிமிர்ந்தார். “இஞ்ச பாரு ஸம்றா, நான் அண்டைக்குச் சொன்னது...”

“ஓம் கா,” என்றாள் பரீனா, ஈரத்துணியை உதறிக்கொண்டே. “சோத்தக் குவிச்சு வெச்ச மாதிரி. இவர்தான் காட்டித் தந்தாரு.”