சிட்னியில் கறிவேப்பிலை முடிந்துவிட்டதாம்

காலையில் டூங்கபி தமிழ்க் கடையில் கறிவேப்பிலை இல்லை. லண்டனில் இருக்கும் அக்காவுக்குச் சும்மா வாட்ஸ்அப்பில் எழுதினேன்: "கடையில கறிவேப்பிலை இல்லை. இனி வராது போல."

மத்தியானம் ரொறன்ரோவிலிருந்து சித்தி அழைத்தார்.

"பிள்ளை, உங்கட சிட்னியில கறிவேப்பிலை அடியோட முடிஞ்சுதாம். லண்டன் குறூப்பில வந்தது. ஓடிப்போய் வாங்கி வை."

"சித்தி, அது நான் அக்காவுக்கு எழுதினது."

"நீ எழுதினது வேற. இதில படமும் போட்டிருக்கு."

படத்தை அனுப்பினார். கடையில் காலியான ஒரு தட்டு. பக்கத்து யன்னலுக்கு வெளியே பனி கொட்டிக் கிடக்கிறது. டூங்கபியில், பனி.

பின்னேரம் கடைக்குப் போனால், புதிதாக வந்திறங்கிய கறிவேப்பிலைப் பெட்டியைச் சுற்றி ஒரே சனம். கடைக்கார அங்கிளுக்கு வாயெல்லாம் பல். "ஆர் பெத்த பிள்ளை இந்தச் செய்தியை அனுப்பிச்சுதோ, அது நல்லா இருக்கோணும்" என்றார்.

அந்தப் பிள்ளை இடித்துக்கொண்டு உள்ளே போய் நாலு கட்டு அள்ளிக்கொண்டு வந்துவிட்டது.

செய்தி பொய்யென்று என்னைவிட யாருக்குத் தெரியும்? ஆனாலும் படம் போட்டிருக்கிறார்களே.

சிட்னியின் லிட்கம் பக்கத்து ஆட்களே, அங்கே இன்னும் கிடைக்கிறதா?