பாசிர் ரிஸ்ஸில் ராக்கெட் ஒத்திகை

ஏறிப்போய்த் திரும்பி வந்து இறங்கும் ராக்கெட்டை ஒருநாள் தொலைநோக்கி வழியாகப் படம் பிடிக்க வேண்டும். அதுவரை சிங்கப்பூரின் பாசிர் ரிஸ் கடற்கரையில் தனியாக நின்று விமானங்களைத் துரத்திப் பழகுகிறேன்.

இன்று மாலை ஒருவர் பக்கத்தில் வந்து நின்றார். ஜூரோங்கில் கப்பல் பட்டறை வேலையாம்.

"அக்கா, அது திருச்சி பிளைட்டா?"

கைபேசியில் பார்த்துவிட்டு, "ஆமா தம்பி" என்றேன்.

"ரூம்ல என்கூட இருந்தவன் போறான்க்கா. இனிமே வரமாட்டான்."

தொலைநோக்கியில் மாட்டியிருந்த கேமராவின் திரையை அவர் பக்கம் திருப்பினேன். விமானம் மேகத்துக்குள் மறையும்வரை தொலைநோக்கியை அதன் பின்னாலேயே நகர்த்தினேன். அவர் கண்ணெடுக்கவில்லை.

"போயிட்டான் லா," என்று சிரிக்கப் பார்த்தார். பிறகு பஸ்ஸுக்கு நடந்தார்.

வீட்டில் பதிவைப் போட்டுப் பார்த்தேன். இதுவரை எடுத்ததிலேயே இதுதான் ஆடாமல் வந்திருக்கிறது. அனுப்பலாமென்றால், அவர் பெயரைக்கூடக் கேட்கவில்லை.

ஜூரோங் பக்கம் யாருக்காவது அவரைத் தெரியுமா?