ரவிக்கையில் போட்ட சலவைக் குறி

காஜா பெராங் தெருவில் என் அத்தான் வைத்திருந்த டோபிக் கடையில் எனக்கு இரண்டு வேலை. ஒன்று இஸ்திரி. இன்னொன்று குறி போடுவது. வெள்ளைத் துணிகள் எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும். எது யாருடையது என்று தெரிய வேண்டுமே, அதற்காக ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு குறி வைத்திருந்தோம். சேராங்கொட்டையை லேசாக அனலில் காட்டி ஊசியால் குத்தினால் கறுப்பாகப் பால் கசியும். ஊசி முனையில் அதைத் தொட்டுக் காலரின் உட்புறம் புள்ளியோ கோடோ போட்டு, மேலே சுண்ணாம்பு தடவிவிட வேண்டும். அப்புறம் எந்தச் சவுக்காரத்துக்கும் அது போகாது. ஆனால் அந்தப் பால் தோலில் பட்டால் கொப்புளம் கிளம்பிவிடும். அதனால் குறி போட்ட துணியை நன்றாக அலசாமல் யார் கையிலும் கொடுக்கக் கூடாது. கடையில் நான் கற்ற முதல் பாடம் அதுதான்.

அப்பா போனதும் கான்வென்டை ஐந்தாம் வகுப்போடு விட்டுவிட்டு அக்கா வீட்டுக்கு வந்தவள் நான். அத்தானுக்குக் கை நடுங்கும், ஊசி பிடிக்க வராது. அக்காவுக்குச் சேராங்கொட்டை என்ற பேரைக் கேட்டாலே மூக்கு அரிக்கும். ஆகவே நான் இல்லையென்றால் கடையில் குறி இல்லை. இது எனக்குப் பெருமையாகவும் இருந்தது, கால்கட்டாகவும் இருந்தது.

நான் பயந்த சுபாவம். இஸ்திரிப் பெட்டிக் கரியை அவித்தேனா என்று பார்க்கப் பாதி வழியிலிருந்து திரும்பி வருவேன். மழை இருட்டினால் வெள்ளம் வரும் என்பேன். வெயில் அடித்தால் தீப்பிடிக்கும் என்பேன். அப்படிப்பட்டவள் நர்ஸ் வேலைக்கு ஆசைப்பட்டேன் என்றால் அதற்கு ஒரு தொப்பிதான் காரணம்.

கடைக்குப் பின்னால், தலைமுறை தலைமுறையாக மலாய் பேசிவரும் தமிழ் வம்சத்தாரான சிட்டி மக்களின் கம்பம், அதாவது குடியிருப்பு. அங்கிருந்த ஒரு பெண் ஆஸ்பத்திரியில் உதவி நர்ஸாக இருந்தார். மாரியம்மன் கோயிலில் விபூதி பூசிக்கொண்டு நிற்பார். ஆனால் பேச்சு முழுக்க மலாய்தான், தமிழ் ஒன்றிரண்டு சொல்லுக்கு மேல் வராது. நான் அவரை மலாய் வழக்கப்படி ‘காக்காக்’, அதாவது அக்கா, என்பேன். அவருடைய யூனிஃபார்ம் எங்கள் கடைக்குத்தான் வரும். நர்ஸ் தொப்பி இஸ்திரிக்கு வரும்போது வெறும் துணித்துண்டு. கஞ்சி போட்டு, தேய்த்து, மடிப்பு மடிப்பாக வளைத்தால்தான் அது தொப்பி ஆகும். ஒருநாள் மடித்ததைத் தலையில் வைத்துப் பார்த்தேன். சும்மாதான். கண்ணாடியில் தெரிந்தது நான் இல்லை, வேறு யாரோ. பயமே அறியாத ஒருத்தி.

“அம்போய்! மிசி பாரு டத்தாங்!” என்று வாசலில் கைதட்டல். புது நர்ஸ் வந்தாச்சு என்கிறார் காக்காக். எங்கள் ஊரில் நர்ஸுக்கு ‘மிசி’ என்றுதான் பெயர். எனக்கு முகமெல்லாம் பற்றிக்கொண்டது. தொப்பியைக் கழற்றப் போனேன். அவர் விடவில்லை. கொஞ்சம் பின்னால் தள்ளிக் கொண்டை ஊசி குத்திவிட்டு, மலாயில் சொன்னார்: “வெள்ளைக்காரங்க கெளம்புறாங்க. ஆஸ்பத்திரிக்கு ஆள் பத்தல. கொஞ்சம் இங்கிலீஷ் தெரிஞ்சா போதும், இந்தத் தடவை எடுத்துப் பழக்கப் போறாங்க. நீ வந்து பாரேன்.”

சுதந்திரம் வரப்போகிறதென்று ஊரே அப்போது மெர்டேக்கா, மெர்டேக்கா என்று துள்ளிக்கொண்டிருந்தது. கடைக்கு வருகிறவர் போகிறவர் எல்லாருக்கும் அதே பேச்சு. நாடே மாறப்போகும்போது நான் மாறினால் என்ன என்று ஒரு துணிச்சல். அடுத்த நிமிஷமே, ரத்தத்தைப் பார்த்து மயங்கி விழுந்தால்? என் கையில் யாராவது செத்துப்போனால்? மருந்துப் பெயரைத் தப்பாகப் படித்துவிட்டால்? இஸ்திரி போடப் போட மனசுக்குள் இந்த ரெண்டும் மாறி மாறி ஓடியது. ஒரு தலையணை உறையைக் கருக்கிவிட்டேன்.

விஷயத்தை மத்தியானச் சாப்பாட்டில் சொன்னேன்.

“ஊரு அழுக்கைத் தொவைக்கிறது போதலையா, ஊரு சீக்கையும் தொடைக்கப் போறியா?” என்றார் அத்தான். “பல்லி விழுந்தா கத்துறவ நீ. ஆபரேஷன் ரூம்ல போயி கத்துனா டாக்டரு கத்தியக் கீழ போட்டுருவாரு லா.”

“கத்த மாட்டேன், அத்தான்.”

“அப்ப குறி யாரு போடுவா? நானா? என் கையி ஆடுற ஆட்டத்துக்குப் புள்ளி வச்சா, தெருக்கோலமாப் போயிரும்.”

அக்கா குழம்பை ஊற்றிக்கொண்டே, “நைட் டூட்டின்னு போனா மாப்பிள்ளை வீட்டுக்காரங்க என்ன சொல்லுவாங்க?” என்றாள். போகாதே என்று அவள் சொல்லவில்லை என்பதை நான் கவனித்துக்கொண்டேன்.

காக்காக் மூலமாகப் பெயரைக் கொடுத்துவிட்டு, இன்டர்வியூவுக்கு என்று வெள்ளைப் பாப்ளினில் ஒரு ரவிக்கை தைத்தேன். கஞ்சி போட்டு, விறைப்பாக இஸ்திரி போட்டு வைத்தேன். சாயங்காலம் கடை ஒழிந்ததும் அதைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நிற்பேன். “குட் மார்னிங், மேட்ரன்” என்பேன். நடப்பேன், திரும்புவேன், வேர்த்துக் கொட்டும், கழற்றிக் காயவைப்பேன். மறுநாளும் அதேதான். அலசினால் விறைப்புப் போய்விடும் என்று தண்ணீரே காட்டவில்லை.

இன்டர்வியூ அன்று துக்காங் எமாஸ் தெருப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு ஆஸ்பத்திரி மேட்டில் ஏறினேன். பின்கழுத்தில் ஒரு அரிப்பு. வேர்வை என்று நினைத்தேன். வராந்தாவில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தோம். எனக்கு அரிப்பு எரிச்சலாகியது. தொட்டுப் பார்த்தேன். தடித்து, கொப்புளம் கொப்புளமாக இருந்தது. பெரியம்மையா? தொழுநோயா? மெர்டேக்கா வரும்போது நான் இருக்க மாட்டேனா? அப்படியெல்லாம் ஓடிற்று என் புத்தி. எழுந்து ஓடிவிடலாம் என்று செருப்பை மாட்டிய நேரத்தில் கூப்பிட்டுவிட்டார்கள்.

உள்ளே வெள்ளைக்கார மேட்ரனும், பக்கத்தில் யாழ்ப்பாணத்துத் தமிழ் சிஸ்டரும். சிஸ்டர் நிமிர்ந்து பார்த்தார்.

“ஏன் பிள்ளை, கழுத்தைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறீர்? களவெடுத்தனீரோ?”

“இல்லைங்க, சிஸ்டர்.”

“எங்கை, திரும்பும் பாப்பம்.”

திரும்பினேன். ரவிக்கையின் கழுத்துப் பட்டியை அவர் விலக்கினார். பிறகு, “இதிலை ரெண்டு புள்ளியும் ஒரு கோடும் கிடக்குது. ஆர் போட்டது?” என்றார்.

ரெண்டு புள்ளியும் ஒரு கோடும் எங்கள் வீட்டுக் குறி. அப்போதுதான் புரிந்தது. குறி போடும் குவியலுக்குப் பக்கத்தில் ரவிக்கையை வைத்திருந்தேன். மனசு மேட்ரனிடம் இங்கிலீஷ் பேசிக்கொண்டிருந்தபோது கை அதன் வேலையைப் பார்த்திருக்கிறது. அலசாத ரவிக்கையைத் தினம் தினம் போட்டு வேர்க்க வேர்க்க நடந்திருக்கிறேன்.

“நான்தான் போட்டேன், சிஸ்டர். டோபிக் கடை. சேராங்கொட்டை. அலசலை.”

சிஸ்டர் வாயைப் பொத்திக்கொண்டு மேட்ரனிடம் இங்கிலீஷில் ஏதோ சொன்னார். மேட்ரன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சிரித்தார். நான் அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் “குட் மார்னிங், மேட்ரன்” என்றேன். சிரிப்பு இன்னும் கூடியது.

இங்கிலீஷில் ஒரு பத்தி வாசிக்கச் சொன்னார்கள். தட்டித் தடவி வாசித்தேன். கழுத்தில் ரோஸ் நிற மருந்து ஒன்றைத் தடவிவிட்டு சிஸ்டர் சொன்னார்: “இது ஒட்டுற வருத்தமில்லை. எண்டாலும் கொப்புளத்தோடை உம்மை எடுக்கேலாது. வாற கிழமை வாரும். அதுக்குள்ளை அந்தக் கொட்டையிலை கை வைச்சால் ஆறாது. ஆறாட்டி இந்த முறை உமக்கு இடமில்லை, விளங்குதோ? உண்மையா இந்த வேலை வேணுமோ எண்டும் யோசிச்சுக்கொண்டு வாரும்.”

மேட்டிலிருந்து இறங்கும்போது உடம்பு லேசாக இருந்தது. முதலில் அது சந்தோஷம் என்றுதான் நினைத்தேன். கொஞ்ச தூரம் போனதும் அது என்னவென்று தெரிந்தது. புண் ஆறவில்லையென்றால் நான் ஒன்றும் முடிவு செய்யவே வேண்டாம். யாரும் என்னைக் குறை சொல்ல முடியாது. கழுத்தைக் காட்டிவிட்டு இஸ்திரிப் பெட்டிக்குத் திரும்பிவிடலாம். இவ்வளவு சுலபமான வழி கிடைத்ததே என்று மகிழ்ந்துபோன என்னை நினைத்து எனக்கே திக்கென்றது.

அந்த வாரம் பார்த்தா அத்தானுக்கு அப்படி ஒரு அதிர்ஷ்டம் அடிக்க வேண்டும்! மெர்டேக்கா அணிவகுப்புக்கு ஒரு பள்ளிக்கூடத்துப் பேண்டு வாத்தியக் குழுவின் புத்தம்புதுச் சட்டைகள் மூட்டை மூட்டையாக வந்து இறங்கின. எல்லாம் வெள்ளை. ஒன்றில்கூடக் குறி இல்லை. அத்தான் ஊசி, சுண்ணாம்புக் கிண்ணம், சேராங்கொட்டை மூன்றையும் என் முன்னால் வைத்தார்.

“உக்காரு புள்ள. இன்னிக்குள்ள முடிச்சாகணும்.”

கை தானாக ஊசியிடம் போனது. பாதியில் இழுத்து, இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

“நான் போட மாட்டேன், அத்தான்.”

“என்னாது?”

“போட்டா கழுத்து ஆறாது. ஆறலைன்னா எடுக்க மாட்டாங்க. எனக்கு அந்த வேலை வேணும்.”

சொல்லி முடித்ததும்தான் நான் முடிவு செய்துவிட்டது எனக்கே தெரிந்தது. நெஞ்சு பேண்டு வாத்தியம் மாதிரி அடித்தது. மயக்கம் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. கடை முழுக்க விளக்கு ஏற்றினாற்போல எல்லாம் பளிச்சென்று தெரிந்தது.

“அப்ப இந்த மூட்டைய நான் தலையில கட்டிக்கிட்டு ஆடவா?” என்று அத்தான் எகிறினார். “பயந்தாங்கொள்ளி, பயந்தாங்கொள்ளின்னு நெனச்சேன். எங்கிட்ட மட்டும் பயமே இல்ல பாரு இவளுக்கு!”

பின்கட்டில் அலசிக்கொண்டிருந்த அக்கா ஈரக் கையோடு வந்தாள். முந்தானையை மூக்கைச் சுற்றி இறுக்கிக் கட்டினாள். ஊசியை எடுத்தாள்.

“நீ அங்கேயே தள்ளி நில்லு. கிட்ட வந்த, ஒதை வாங்குவ. எப்படிக் குத்தறதுன்னு வாயால மட்டும் சொல்லு.”

“ஒனக்கு ஆகாதே, அக்கா…”

“சொல்லுன்னா சொல்லு லா!”

நான் கதவோரம் நின்று சொன்னேன். கொட்டையை ஓரத்தில் குத்து, பாலை வழித்து எடு, அதிகம் வேண்டாம், புள்ளியை முதலில் வை. அக்கா ஒரு தும்மல், ஒரு புள்ளி, ஒரு தும்மல், ஒரு கோடு என்று போட்டாள். கோழி கிளறியது போல இருந்தது. அத்தான் ஒரு காலரைத் தூக்கிப் பார்த்துவிட்டு, “இந்தச் சட்டைய எவனும் திருட மாட்டான்” என்றார். ஆனால் சுண்ணாம்புக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் போடப் போட மேலே தடவிக்கொண்டிருந்தார்.

மறுபடி ஆஸ்பத்திரி மேட்டில் ஏறிய அன்று அதே ரவிக்கைதான். அக்கா அதை எத்தனை தண்ணீர் அலசினாளோ, துணியே மெலிந்துவிட்டது. கழுத்து ஆறிவிட்டது. சாக்குச் சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. பயம் போகாமலேதான் பாதி மேட்டை ஓடிக் கடந்தேன்.

சிஸ்டர் கழுத்துப் பட்டியை விலக்கிப் பார்த்தார்.

“யோசிச்சீரோ?”

“யோசிச்சேன், சிஸ்டர். இன்னும் பயமாத்தான் இருக்கு.”

“இருக்கட்டும். கொட்டையைத் தொட்டனீரோ எண்டு பாப்பம், கையைக் காட்டும்.”

ஒரு கறையும் இல்லாத இரண்டு கையையும் நீட்டினேன்.